கால்பந்துக் கழகமும் கைதட்டும் கூட்டமும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தனர். வரலாறு என்றவுடன் சோழரின் கடற்படையும் பல்லவரின் குகைக்கோயில்களும் அன்பர்களின் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றை எழுதவல்ல புலவர் பெருமக்கள் நம்மிடையே பலர் உளர். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு ஓரளவு தெரிந்தது கால்பந்தாட்டத்தின் வரலாறே. அதிலும் ஆடியவர்களைக் காட்டிலும், வேலிக்கு வெளியே நின்று தொண்டை கட்டக் கூவியவர்களின் வரலாறே என் மனத்தை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. கோல் போட்டவன் பெயர் மறுநாட் பத்திரிகையில் வரும். கூவியவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆயினும் அவன் இல்லையேல் பதினொருவர் ஒரு பந்தைத் துரத்தி ஓடுவது வெறும் தேகப்பயிற்சியே.

ஒரு கழகம் எளிய நிலையில் இருக்கும்போது அதன்மேல் பற்றுக்கொண்டவர்கள், அது வெற்றிமேல் வெற்றி பெற்று உயர்ந்தபின் என்ன ஆகின்றனர்? அவர்களுக்கும் கழகத்துக்கும் இடையே இருந்த உறவு வளர்கின்றதா, தேய்கின்றதா, உருமாறுகின்றதா? இதனை ஆராய முற்படும் எவரும் கல்கத்தாவிலிருந்தே தொடங்கவேண்டும். மும்பையில் வாழ்ந்துகொண்டு கல்கத்தாவுக்கு ஏன் ஓடவேண்டும் என்று சிலர் வினவலாம். நம் நகரில் கால்பந்தாட்டம் உண்டு, கோப்பை உண்டு, மைதானமும் உண்டு. கழகத்தின்மேல் உயிரை வைத்த கூட்டம் மட்டும் நெடுங்காலம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கான விடையும் கல்கத்தாவைப் பார்த்த பிறகே விளங்கும்.

கல்கத்தாவின் வடபகுதியில் மோகன் பகான் என்னும் மாளிகையில் 1889 ஆகஸ்டு 15 ஆம் நாள் ஒரு கழகம் தோன்றிற்று. மாளிகையின் பெயரே கழகத்தின் பெயராயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1911 ஜூலை 29 ஆம் நாள், அக்கழகம் ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் வீரர்களை எதிர்த்து நின்றது. வெள்ளையர் அனைவரும் பூட்ஸ் அணிந்திருந்தனர். மோகன் பகானில் சுதீர் சட்டர்ஜி ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்தவர். ஏனைய பதின்மரும் வெறுங்காலோடு ஆடினர். முதல் கோல் படையினருடையது. தலைவர் சிப்தாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. 2-1 என்ற கணக்கில், கேடயத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெயரை மோகன் பகான் பெற்றது.

அன்று மைதானத்தில் கூடியவர் அறுபதாயிரம் என்போரும் உளர், எண்பதாயிரம் என்போரும் உளர். பெரும்பாலோர்க்கு ஆட்டம் கண்ணில் படவே இல்லை. கோல் விழுந்த செய்தியைக் காற்றாடிகளில் எழுதிப் பறக்கவிட்டார்களாம். தொலைவில் நின்றவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கணக்கை அறிந்தனர். கிழக்கிந்திய ரயில்வே அன்றைக்குத் தனி வண்டி விட்டது. ஆற்றில் கூடுதலான நீராவிப் படகுகளும் ஓடின. அந்தத் தனி வண்டிக்கு உத்தரவு எழுதிய குமாஸ்தா யாரோ, அவருக்கு ஆட்டம் பார்க்க விடுப்புக் கிடைத்ததோ இல்லையோ! என் இனத்தவர் ஆதலால் அவரை அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு.

அன்று வந்தவர்களுள் பெரும்பாலோர் அதற்கு முன் மோகன் பகானின் ஆட்டத்தைப் பார்த்தவரல்லர். கழகத்துக்குச் சந்தா கொடுத்தவரும் அல்லர். எனினும் ஆட்டம் முடிந்து திரும்பிய ஒவ்வொருவரும் ‘நாம் வென்றோம்’ என்றே சொல்லிக்கொண்டு போயினர். கழகம் அன்று ஒரு தெருவுக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியதாக இல்லை. ஆளப்படும் ஒரு மக்கட்கூட்டம் ஆள்பவரை அவருடைய ஆட்டத்திலேயே வென்றது என்ற உணர்ச்சியே மேலோங்கி நின்றது. வெற்றி முதன்முதலில் செய்த மாற்றம் இதுவே: சிலருடைய கழகம் பலருடைய கழகமாயிற்று.

இதனைவிட வியப்புக்குரியது பின்னர் நிகழ்ந்தது. அந்தப் பெருவெற்றிக்குப் பின் மோகன் பகான் கல்கத்தா லீகில் முதலிடம் பெற்றது எந்த ஆண்டில் என்று நினைக்கின்றீர்கள்? 1939 இல். ஐ.எப்.ஏ. கேடயத்தை இரண்டாம் முறை வென்றது 1947 இல். இடையில் 1923 ஆம் ஆண்டு நம் பம்பாய்க்கு வந்து, ரோவர்ஸ் கோப்பையில் இறுதியாட்டம் வரை முன்னேறி, டர்ஹம் படையினரிடம் தோற்றுத் திரும்பியது. 1911 இல் இருபது வயதில் மரக்கிளையில் தொற்றிக்கொண்டு ஆட்டம் பார்த்த இளைஞன், தன் கழகம் லீக் வென்றதைக் காண்பதற்குள் நாற்பத்தெட்டு வயதுக் குடும்பத்தலைவன் ஆகிவிட்டான். ஆயினும் அவன் விலகிப் போகவில்லை; தன் மகனையும் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துச் சென்றான். ஒரே ஒரு நாளின் வெற்றி இருபத்தெட்டு ஆண்டுகளின் ஏமாற்றத்தைத் தாங்கி நின்றது. வெற்றி அடிக்கடி வாராத காலத்தில்தான் அந்தப் பற்று வேர்விட்டது என்பது என் கருத்து.

முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1891 இல் தோன்றிய அக்கழகம் நெடுங்காலம் கீழ்ப்பிரிவிலேயே இருந்தது. 1933 இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறிற்று. ஏறிய முதலாண்டிலேயே, 1934 இல், கல்கத்தா லீகை வென்றது. லீகை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. அதனோடு நிற்கவில்லை, 1938 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து முதலிடம். மழைக்காலச் சேற்றில் வெறுங்கால் வழுக்கும் என்பதை உணர்ந்து பூட்ஸ் அணிந்து ஆடினர். பெங்களூர் முதலிய தொலைவிடங்களிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேடிக் கொணர்ந்தனர். 1940 இல் டில்லியில் டூரண்டு கோப்பையையும் நம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையையும் ஒரே ஆண்டில் கைப்பற்றினர்.

ஐந்தாண்டு வெற்றி ஒரு கழகத்தின் கூட்டத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. இந்தியாவின் எந்த ஊரிலும் முகமதன் கழகத்துக்குக் கைதட்ட ஆள் இருந்தனர். கல்கத்தாவையே காணாதவரும் அதன் ஆட்டக்காரர் பெயர்களை ஒப்பித்தனர். தம் சமூகத்தின் மதிப்பையே அந்தப் பதினொருவர் காலில் கட்டிவிட்டாற்போல் அவர்கள் கருதினர். பின்னர் நாடு பிரிந்தது. ஆதரவாளர்களும் ஆட்டக்காரர்களும் பலர் எல்லை கடந்து போயினர். 1981 க்குப் பின் கல்கத்தா லீகை அக்கழகம் மீண்டும் வெல்ல 2021 வரை, நாற்பதாண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. நாடெங்கும் பரவியிருந்த கூட்டம் வற்றிற்று. கடைசி வரை நின்றவர்கள் யார் எனில், பெரும்பாலும் மைதானத்துக்கு நடந்து வரக்கூடிய தொலைவில் குடியிருந்தவர்களே. வெற்றி அழைத்து வந்தவர்கள் வெற்றியோடு சென்றனர். இதில் குறைகூற ஒன்றுமில்லை. மழைக்கு ஒதுங்கியவன் மழை நின்றபின் போவது போன்றதே இது.

நம் போன்ற சங்கங்களிலும் இதனைக் காணலாம். பத்துப் பேராகத் தொடங்கிய காலத்தில் நாற்காலி சுமந்தவரும் தேநீர் கலந்தவரும் மேடையில் பேசியவரும் ஒருவராகவே இருந்தார். பின்னர் மண்டபமும் ஒலிபெருக்கியும் சினிமா நட்சத்திரமும் வந்தபின், நாற்காலி சுமந்தவருக்கு எட்டாவது வரிசையில் இடம் கிடைப்பதே அரிதாகிறது. அவர் கோபித்துக்கொள்வதில்லை. கூட்டம் பெருகியதில் அவருக்குப் பெருமையே. ஆனால் அவர் முன்போல் பேசுவதில்லை. சரி, பந்துக்குத் திரும்புவோம்.

ஈஸ்டு பெங்கால் கழகம் 1920 ஆகஸ்டு 1 ஆம் நாள் தோன்றியது. கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரை மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டதனால் எழுந்த மனத்தாங்கலே அதன் தோற்றத்துக்குக் காரணம். 1947 க்குப் பின் வீடு, நிலம், ஊர் அனைத்தையும் இழந்து கல்கத்தாவின் ஓரங்களில் ஒண்டிய லட்சக்கணக்கான அகதிகளுக்கு, தாம் விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கி நின்ற அக்கழகமே ஊராயிற்று. அக்காலத்தில்தான் அதன் பொற்காலமும் பிறந்தது. 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் அதற்கே.

அந்த வெற்றிகளைத் தேடித் தந்த முன்வரிசை ஐவரை மக்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடினர். அவர்கள் யார் தெரியுமோ? வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவருள் ஒருவர்கூட கிழக்கு வங்காளத்தில் பிறந்தவரல்லர், ஐவரும் தென்னாட்டார். தன்ராஜும் அகமது கானும் பெங்களூர்க்காரர்கள், சாலே கேரளத்தவர், அப்பா ராவ் ஆந்திரர். ஊரிழந்த வங்காளிகள் தம் ஊரின் மானத்தைத் தென்னாட்டு இளைஞர் ஐவர் காத்துத் தருவதைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து பிறர் மண்ணில் வேரூன்றிய நம்மவர்க்கு இச்செய்தி புரியாததன்று. பற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. தம் துயரை அறிந்தவனோ அறியாதவனோ, தம் சட்டையை அணிந்து உண்மையாக ஓடுகிறவன் எவனோ அவனே தம்மவன்.

வெற்றி பழகிப்போனபின் பற்றுக்கு வரும் நோயையும் இங்கே சொல்லவேண்டும். 1970 முதல் 1975 வரை ஆறாண்டும் கல்கத்தா லீகில் ஈஸ்டு பெங்காலே முதலிடம். 1975 செப்டம்பர் 30 ஆம் நாள் கேடயத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகானை அது 5-0 என்று வீழ்த்தியது. தோற்ற ஆட்டக்காரர்கள் தம் சொந்த அபிமானிகளுக்கு அஞ்சி அன்றிரவை ஆற்றில் ஒரு படகில் கழித்தனர் என்பர். மோகன் பகான் பற்றாளனாகிய இளைஞன் ஒருவன், மறுபிறவியில் அக்கழகத்தின் ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்க்க விரும்புவதாக எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டான். ஐந்தாண்டு கழித்து, 1980 ஆகஸ்டு 16 ஆம் நாள், ஈடன் கார்டன் மைதானத்தில் அதே இரு கழகங்களின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர்.

1911 இன் கூட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அன்று தோற்றிருந்தாலும் கூட்டம் வருத்தத்தோடு வீடு திரும்பியிருக்கும். மறுவாரம் மீண்டும் வந்திருக்கும். வெல்வதை எதிர்பாராத இடத்தில் வெற்றி ஒரு வரமாக வருகிறது. வெல்வதே வழக்கமான இடத்தில் தோல்வி ஒரு துரோகமாகத் தோன்றுகிறது. ‘நாம் வென்றோம்’ என்றவர்கள் ‘நாம் தோற்றோம்’ என்று சொல்வதில்லை. ‘அவர்கள் நம்மைத் தோற்கடித்துவிட்டார்கள்’ என்று சொந்த ஆட்டக்காரர்களையே சுட்டுகின்றனர். உறவு உரிமையாகிறது; உரிமை அதிகாரமாகிறது. பதினாறு குடும்பங்கள் அதன் விலையைக் கொடுத்தன.

இனி, வெற்றி மட்டும் இருந்து வேர் இல்லாத கதை ஒன்று. அது என் துறையைச் சேர்ந்தது ஆதலால் சற்றுப் பெருமையோடும் சற்று வருத்தத்தோடும் சொல்கிறேன். 1934 முதல் எண்பதாண்டுகளுக்கும் மேலாகக் கல்கத்தா லீகில் மோகன் பகான், ஈஸ்டு பெங்கால், முகமதன் ஆகிய மூன்று பெருங்கழகங்களே மாறி மாறி வென்று வந்தன. 2019 இல் பியர்லெஸ் கழகம் அந்த வரிசையை முறித்தது. அதற்கு முன் முறித்தவர் ஒரே ஒரு குழுவினர்: 1958 இல் கிழக்கு ரயில்வே. அக்குழுவின் ஒளிவிளக்கு பி. கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அப்பெருமகன், பெருங்கழகங்கள் மூன்றில் எதிலும் சேராமல் இறுதிவரை ரயில்வேக்கே ஆடினார். இத்தகைய மேதையும் இத்தகைய வெற்றியும் இருந்தும், 1959 ஆம் ஆண்டு கல்கத்தாவில் யாரேனும் ஈஸ்டு பெங்காலை விட்டுக் கிழக்கு ரயில்வேயின் பற்றாளன் ஆனதுண்டோ? இல்லை என்றே சொல்லவேண்டும். பானர்ஜியைப் போற்றினர், குழுவை மதித்தனர், பின்னர் அவரவர் தத்தம் கழகத்துக்குத் திரும்பினர். ரயில்வே குழுவின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடியவர்கள் எங்களைப் போன்ற ரயில்வே ஊழியரே.

இந்த ஓர் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு நம் நகருக்கு வந்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. பம்பாயின் கால்பந்தாட்டத்தை வளர்த்தவை பெரும்பாலும் கம்பெனிகளும் அரசு நிறுவனங்களும். டாட்டா, கால்டெக்ஸ், மபத்லால், ஏர் இந்தியா, மகீந்திரா, மேற்கு ரயில்வே, மத்திய ரயில்வே என்று பெயர்களைப் பார்த்தாலே சம்பளப்பட்டியல் போல் இருக்கும். இதில் நன்மை பெரிது. ஆட்டக்காரனுக்கு நிலையான வேலை கிடைத்தது. கால் முறிந்தாலும் குடும்பம் பட்டினி கிடக்காது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு உலகின் கவனத்தை ஈர்த்த நெவில் டிசோஸா இத்தகைய பம்பாய்க் கம்பெனிக் குழுக்களில் ஆடியவரே. ஆனால் கம்பெனிக்குழுவை நேசிக்கக் கம்பெனியில் வேலை வேண்டும். மாட்டுங்காப் பணிமனைத் தோழர் ரயில்வே குழுவுக்குக் கைதட்டுவார். தாராவியில் தோல் பதனிடும் தொழிலாளி எந்தக் குழுவுக்குக் கைதட்டுவான்?

ஆகவே பம்பாய் மக்கள் கழகத்தை விடுத்துக் கோப்பையை நேசித்தனர். 1891 இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை கூப்பரேஜ் மைதானத்துக்கு வந்தால் நகரமே பேசும். 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் கோப்பையைக் கொண்டுசென்ற ஹைதராபாத் நகரப் போலீஸ் குழுவுக்கு நம் நகரில் பெருங்கூட்டம் உண்டு. சையத் அப்துல் ரகீம் பயிற்றுவித்த அக்குழுவின் ஆட்டத்தைக் கண்ட பெரியவர்கள், என் சிறுவயதில்கூட, பந்து கால்மாறிப் போன விதத்தைக் கைகளால் காற்றில் வரைந்து காட்டுவர். கல்கத்தாக் கழகங்கள் வரும்போது வங்காளிகள் திரளாக வருவர். ஹைதராபாத்தார் ஆடினால் தக்காணத்தவர் வருவர். விருந்தாளிகளுக்கு எல்லாம் கூட்டம் உண்டு. வீட்டுக்காரனுக்கு மட்டும் இல்லை. அந்தக் கோப்பையும் 2000-01 பருவத்தோடு நின்றுபோயிற்று.

மகீந்திரா குழுவின் வரலாறு இதன் உச்சம். 1962 இல் தோன்றிய அக்குழு மெல்ல மெல்ல வளர்ந்தது. டூரண்டு கோப்பை, பெடரேஷன் கோப்பை என்று வென்று, 2005-06 பருவத்தில் டெரிக் பெரேராவின் பயிற்சியில் தேசியக் கால்பந்து லீகிலேயே முதலிடம் பெற்றது. இந்தியாவின் தலைசிறந்த குழு மும்பையில் இருந்தது! 2010 இல் நிர்வாகம் அக்குழுவைக் கலைத்தது. முதல் தேசிய லீகை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. குழுவும் அடுத்த ஆண்டில் கலைந்தது. மகீந்திரா கலைந்தபோது செய்தித்தாள்களில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஆட்டக்காரர் வேறு குழுக்களைத் தேடினர். ஆனால் மும்பையின் வீதியில் யாரும் இறங்கவில்லை. அரை நூற்றாண்டு வாழ்ந்து, நாட்டிலேயே முதலிடம் பெற்ற குழுவுக்கு அழ ஆள் போதவில்லை. மோகன் பகானை ஒருவன் இவ்வாறு கலைக்க முற்பட்டிருந்தால் கல்கத்தாவில் டிராம் ஓடியிருக்குமா?

இதற்கு எதிர்ப்புறம், 2007 இல் தோன்றிய மும்பை எப்.சி. என்ற சிறு கழகம் பெரிய பட்டம் எதனையும் வென்றதில்லை. பட்டியலின் நடுவிலும் அடியிலுமாகவே அதன் காலம் கழிந்தது. ஆயினும் கூப்பரேஜில் மஞ்சட்சட்டை அணிந்து மேளம் அடித்து ஆடிய ஓர் இளைஞர் கூட்டம் அதற்கு வாய்த்தது. சில நூறு பேரே. 2017 இல் ஐ-லீகின் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டு அக்கழகம் மறையும்வரை அவர்கள் உடன் நின்றனர். மகீந்திராவிடம் கோப்பை இருந்தது, ஆள் இல்லை. இவர்களிடம் ஆள் இருந்தனர், கோப்பை இல்லை.

பின்னர் புதிய காலம் பிறந்தது. 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது மும்பை சிட்டி எப்.சி. தோன்றிற்று. முதலில் நவி மும்பையில் ஆடி, 2016 முதல் அந்தேரியின் சிறு மைதானத்தை இல்லமாகக் கொண்டது. 2019 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியை உடைமையாகக் கொண்ட நிறுவனம் இக்கழகத்தின் நூற்றுக்கு 65 பங்கை வாங்கிற்று. வெற்றி விரைந்து வந்தது. 2020-21 பருவத்தில் லீக் கேடயம், கோப்பை இரண்டும் மும்பைக்கே. 2021 மார்ச்சு 13 ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் பிபின் சிங் கோல் அடித்தபோது அரங்கில் கைதட்ட ஓர் அபிமானியும் இல்லை. கொரோனாத் தொற்றின் காரணமாக அவ்வாண்டு ஆட்டங்கள் யாவும் கோவாவில் பூட்டிய அரங்குகளில் நடைபெற்றன. கழகத்தின் முதற்பெரும் வெற்றியை அதன் பற்றாளர்கள் வீட்டுக்குள் தொலைக்காட்சியின்முன் தனித்தனியே அமர்ந்து கண்டனர். 2023 இல் மீண்டும் லீக் கேடயம் உறுதியானது. அதுவும் கோவா மண்ணில்தான்.

வாங்கியவர்களின் ஊராகிய மான்செஸ்டரையும் சிறிது நோக்குவோம். 1998-99 இல் மான்செஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் மூன்றாம் தரத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. அந்த இழிநிலையிலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி ஏறத்தாழ 28,000 பேர் காசு கொடுத்து வந்தனர். 2008 இல் அபுதாபிச் செல்வம் வந்தது. 2023 இல் ஒரே பருவத்தில் மூன்று பெருங்கோப்பைகள் வந்தன. இன்று உலகெங்கும் அந்த வான்நீலச் சட்டை விற்கிறது. தாராவிச் சந்துகளில் பந்துதைக்கும் நம் பிள்ளைகளும் அணிகின்றனர். அண்டைக் கழகமாகிய மான்செஸ்டர் யுனைடெட்டின் பற்றாளரிற் சிலரோ, 2005 இல் அமெரிக்க முதலாளி தம் கழகத்தை வாங்கியதும் வெளியேறி, சந்தா சேர்த்துத் தமக்கென ஒரு சிறு கழகத்தையே தோற்றுவித்துக்கொண்டனர். உலகின் மிகப்பெரிய கழகங்களுள் ஒன்றின் வெற்றியை உதறிவிட்டுக் கீழ்த்தர லீகில் தம் பிள்ளைகளுக்குக் கைதட்டச் சென்ற அவர்களைப் பித்தர் எனச் சிலர் எள்ளினர். நான் அவ்வாறு கருதவில்லை.

ஏனெனில் அதே வினா மோகன் பகானுக்கும் வந்தது. 2020 இல், மூன்று முறை சூப்பர் லீக் வென்ற ஏ.டி.கே. கழகத்தின் உடைமையாளர் மோகன் பகான் கால்பந்துப் பிரிவின் நூற்றுக்கு 80 பங்கை வாங்கினார். கழகம் ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ ஆயிற்று. பணம் வந்தது, சிறந்த ஆட்டக்காரர் வந்தனர், வெற்றியும் வந்தது. பற்றாளர்களோ மகிழவில்லை. அந்த மூன்றெழுத்தை நீக்குக என்று பதாகை பிடித்தனர், ஊர்வலம் சென்றனர், சிலர் ஆட்டத்துக்கு வருவதையே நிறுத்தினர். 1911 ஜூலை 29 அன்று கூவியவரின் கொள்ளுப்பேரர்கள், வெற்றியையே கையில் வைத்து நீட்டியபோது, ‘முதலில் எங்கள் பெயரைக் கொடு’ என்றனர். சட்டப்படி அவர்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. 2023 மார்ச்சு 18 ஆம் நாள் கோப்பையை வென்ற அரங்கிலேயே உடைமையாளர் அறிவித்தார்: ஏ.டி.கே. என்ற முன்னொட்டு நீங்கும். வரும் பருவம் முதல் அதன் பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயண்ட். பின்னொட்டாக வந்த அந்த இரு சொற்களைப் பற்றி முணுமுணுப்போர் இன்றும் உளர்.

2024 மே 4 ஆம் நாள் கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் அந்த மோகன் பகானும் நம் மும்பை சிட்டியும் கோப்பைக்காக மோதின. அறுபதாயிரம் பேர் திரண்டிருந்தனர். ஏறத்தாழ அனைவரும் அவர்களுடைய மக்கள். முதல் கோல் மோகன் பகானுடையது. பின்னர் மும்பை மூன்று கோல் போட்டு 3-1 என்று வென்றது. அது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல் மின்சார வண்டியில் நெருக்கிக்கொண்டு அலுவலகம் சென்றேன். அன்றிரவு வாங்கடேயில் நடக்கவிருந்த கிரிக்கெட்டைப் பற்றியே பெட்டி முழுதும் பேச்சு. கதவருகில் வான்நீலச் சட்டை அணிந்து நின்ற கல்லூரி மாணவன் ஒருவனிடம் ‘ஆட்டம் பார்த்தாயா தம்பி?’ என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. சயான் வந்து நான் இறங்கும்வரை மூன்று கோல்களையும் விவரித்துக்கொண்டே வந்தான்.